தகட்டில் இல்லாத பிறந்த தேதி: பழைய செயின்சாவின் வயதும் வைத்தியமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி பழைய செயின்சாக்கள் (எஞ்சினில் ஓடும் சங்கிலி ரம்பங்கள்) இன்னும் நிறையவே கிடக்கின்றன. குவாசுலு-நட்டாலின் வாட்டில் (வேல இன மரம்) தோட்டங்களிலும் கம் மரக் (யூக்கலிப்டஸ்) காடுகளிலும் உழைத்து ஓய்ந்தவை. இப்போது டொங்காட், வெருலம் பக்கத்துக் கொட்டகைகளிலும் அடகுக் கடை அலமாரிகளிலும் தூசி படிந்து உட்கார்ந்திருக்கின்றன. தீமிதிக்கு விறகு வேண்டும், கல்யாண வீட்டு முற்றத்தில் பிரியாணி அண்டாவுக்கு அடியில் கட்டை வேண்டும் என்று வரும்போது யாராவது ஒன்றை வெளியே எடுத்து, கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்கள்.

இழுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது எந்தக் காலத்துச் சாமான் என்பதுதான். உள்ளே பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இருக்கிறதா எலக்ட்ரானிக் இக்னிஷனா, எண்ணெய் எவ்வளவு கலப்பது, எந்த அளவு சங்கிலி பொருந்தும், மெஷின் முகத்தை நோக்கி உதைத்தால் சங்கிலியை நிறுத்த பிரேக் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் வயதுதான் பதில் வைத்திருக்கிறது.

சீரியல் எண்ணிலிருந்து தொடங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஸ்வீடன் நிறுவனமான ஹஸ்க்வர்னாவின் பழைய ஏழு இலக்க எண்களில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், அடுத்த இரண்டு இலக்கங்கள் வாரம், மிச்சம் வரிசை எண். 4230157 என்று இருந்தால் 4-இல் முடியும் ஒரு வருஷத்தின் 23-ஆவது வாரம். அது 1974-ஆ 1984-ஆ என்பதை எண் சொல்லாது. மெஷினைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஜெர்மனியின் ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் ஒன்பது இலக்க எண்ணில் தேதி வெளிப்படையாக இல்லை. முதல் இலக்கம் தொழிற்சாலையைக் காட்டும்: 1 என்றால் ஜெர்மனி, 2 அமெரிக்கா, 3 பிரேசில். அந்த நிறுவனத்தின் வார்ப்புகளில் இருக்கும் நீண்ட பாக எண்ணின் முதல் நான்கு இலக்கம்தான் உண்மையில் உதவுவது. 1106 என்றால் 070, 090 குடும்பம். 1110 என்றால் 041. 1119 என்றால் 038. மேல்மூடியில் எந்த மாடல் பெயர் ஒட்டியிருந்தாலும் சரி, அடியில் இருக்கும் எண் வேறு கதை சொன்னால் எண்ணைத்தான் நம்ப வேண்டும். மாடல் பெயருக்கு முன்னால் எம்.எஸ். என்ற எழுத்துகள் வந்தது 2000-ஐ ஒட்டித்தான். 026 என்று இருந்தது அதன் பிறகு எம்.எஸ். 260 ஆயிற்று.

அடுத்து வார்ப்புகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் மூடிகளின் உட்புறத்தில், சில அலுமினிய பாகங்களிலும், ஒரு சின்ன வட்டம் இருக்கும்: சுற்றிலும் 1 முதல் 12 வரை, நடுவில் வருஷத்தின் இரண்டு இலக்கங்கள், மாதத்தைக் காட்டும் ஓர் அம்பு. அந்தப் பாகம் அச்சில் வார்க்கப்பட்ட மாதம் அது. ஒரு பாகத்தை வைத்து முடிவு கட்டிவிடக்கூடாது. மூடிகள் உடையும், மாற்றப்படும். ஏர் ஃபில்டர் மூடி 1991 என்றும், டேங்கும் ஸ்டார்ட்டர் மூடியும் கைப்பிடியும் 1983 என்றும் சொன்னால் மெஷின் 1983-ஐச் சேர்ந்தது. மூன்று பாகங்களாவது ஒத்துப்போக வேண்டும், அவற்றில் ஒன்றாவது சுலபத்தில் மாற்றமுடியாததாக இருக்க வேண்டும்.

முத்திரைகளும் பேசும். ‘மேற்கு ஜெர்மனியில் தயாரானது’ என்ற பொருளில் ஆங்கில எழுத்து இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. ஐரோப்பாவின் சி.இ. குறி எந்திரங்களுக்குக் கட்டாயமானது 1995-இல். ஆகவே அந்தக் குறி உள்ள தகடு 1990-களுக்கு முந்தையதாக இருக்க முடியாது. தகட்டில் பேட்டன்ட் எண் இருந்தால் அது வழங்கப்பட்ட ஆண்டுக்கு முன்னால் அந்தத் தகடு அச்சாகியிருக்காது.

எல்லா எழுத்தும் தேய்ந்து போயிருந்தால் மெஷினின் உடலமைப்பு மிச்சம் இருக்கிறது. ஒருவர் தூக்கும் செயின்சா பரவியது 1950-ஐ ஒட்டித்தான். ஸ்டீலின் பி.எல். 1950, அதற்கு ஓராண்டு முன்னதாக அமெரிக்க நிறுவனமான மெக்கல்லக்கின் 3-25. இன்று நாம் பயன்படுத்தும் கொக்கி வடிவப் பல் கொண்ட சங்கிலியை அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் 1947-இல் விற்கத் தொடங்கினார். கட்டைக்குள் குடையும் ஒரு வண்டுப்புழுவின் தாடை அசைவிலிருந்து அந்த வடிவம் வந்தது. அதற்கு முந்தைய சங்கிலிகள் மரத்தைச் சீவியதில்லை, பிறாண்டின. 1950-களின் மெஷின்களில் எஞ்சினுக்கும் சங்கிலிக்கும் நடுவே கியர் பெட்டி இருக்கும். 1959-இல் வந்த ஸ்டீல் கான்ட்ரா அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டு ஸ்ப்ராக்கெட்டை (சங்கிலியை ஓட்டும் பல்சக்கரம்) நேராகத் தண்டில் மாட்டியது. அதே ஆண்டில்தான் ஹஸ்க்வர்னாவின் முதல் செயின்சாவும் வந்தது. கட்டைவிரலால் அமுக்கும் எண்ணெய்ப் பம்ப் மட்டுமே இருந்தால் 1960-கள் அல்லது அதற்கு முன் என்று ஊகிக்கலாம். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ரப்பர் தாங்கிகள் 1960-களின் பிற்பகுதியில் பரவின. அதற்கு முந்தையதை அரைமணி நேரத்துக்கு மேல் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். வருஷக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல் நுனி வெளுத்து ரத்த ஓட்டமே கெட்டிருக்கிறது. செயின் பிரேக் 1970-களின் தொடக்கம். எலக்ட்ரானிக் இக்னிஷன் 1960-களின் கடைசியில் நுழைந்து, 1980-களில் பெரும்பாலான மாடல்களைப் பிடித்துக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை. 070 மாடலின் சீன நகல்கள் ‘பழைய ஜெர்மன் சா’ என்ற பெயரில் கைமாறுகின்றன. வார்ப்பு சொரசொரப்பாக இருக்கும், 1106 எண் காணாது, பெயின்ட் ஒரே சீராகப் புதுசாக இருக்கும். விலை பேசுவதற்கு முன் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள்.

இனி ஓட்டுவது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டனுக்குக் கீழே தண்டு சுழலும் கிராங்க் அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே இழுபடுகின்றன. பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு மேலே சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரம் இதே துடிப்பில்தான் பெட்ரோலை டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. மிதவை இல்லாததால் தலைகீழாகப் பிடித்தாலும் எஞ்சின் ஓடும். இந்த ஏற்பாட்டின் விலை: கிராங்க் அறையில் எங்கே ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று நுழையும், கலவையில் பெட்ரோல் குறையும், பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறையும், பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். முப்பது நாற்பது வருஷ ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். பழைய செயின்சாவில் செத்துப்போகும் எஞ்சின்களில் பெரும்பங்கு இப்படிச் சாகிறது.

அதனால் முதல் சோதனை கசிவுக்கு. எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் துண்டு வைத்து அடையுங்கள். பிளக் துளை வழியாகவோ இம்பல்ஸ் குழாய் (கிராங்க் அறையின் துடிப்பைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோவது) வழியாகவோ கைப்பம்பினால் 0.5 பார் அழுத்தம் கொடுங்கள். அரை நிமிஷம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள்: தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் (ஃப்ளைவீல் பக்கம் ஒன்று, கிளட்ச் பக்கம் ஒன்று), சிலிண்டர் அடி கேஸ்கெட், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர். பிறகு அதே அளவு வெற்றிடம் இழுத்தும் பார்க்க வேண்டும். சீலின் உதடு உள்பக்கம் பார்த்திருப்பதால் அழுத்தத்தில் தண்டைக் கவ்விக்கொள்ளும், வெற்றிடத்தில் விட்டுவிடும். அழுத்தச் சோதனையில் தேறியது வெற்றிடத்தில் தோற்பது சகஜம். பழைய மாடலுக்கு சீல் கிடைக்காவிட்டால் அதன் மேல் பொறித்திருக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போனால் போதும்.

கம்ப்ரஷன் 120 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே இருந்தால் சிலிண்டரைக் கழற்றுவதற்கு முன் எக்ஸாஸ்டை மட்டும் எடுத்து உள்ளே டார்ச் அடியுங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் செங்குத்தான கீறல்கள் தெரிந்தால் ஏற்கெனவே ஒட்டிப் பிரிந்த எஞ்சின். சிலிண்டர் சுவரில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு லைனர். ஒட்டாவிட்டால் அலுமினியத்தின் மேல் குரோம் அல்லது நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு. பூச்சுள்ள சிலிண்டரில் அப்பியிருக்கும் பிஸ்டன் அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைக்கும். இங்கே அதுதான் நீச்சல்குள ஆசிட் என்று ஹார்டுவேர் கடையில் விற்கிறது. பஞ்சு குச்சியில் தொட்டு அப்பிய இடத்தில் மட்டும் தடவ வேண்டும். நுரை அடங்கினால் அலுமினியம் தீர்ந்தது. பூச்சு பெயர்ந்த இடத்திலோ போர்ட் (சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளை) ஓரத்திலோ பட்டால் சிலிண்டரையே தின்னும். கண்ணாடியும் கையுறையும் போட்டு, வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி உடனே எண்ணெய் தடவுங்கள். கிராங்க் கேஸ் பக்கம் இந்த ஆசிட்டைக் கொண்டுபோகவே கூடாது. அது மக்னீசியம்.

மக்னீசியத்துக்கு டர்பன் காற்று ஆகாது. உப்பு ஈரத்தில் இரும்பு ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து ஸ்க்ரூ இறுகிவிடும். கேஸை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி, ஸ்க்ரூ தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். கிரைண்டர் வைக்காதீர்கள், மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, இன்னும் மூளும்.

பாயிண்ட் உள்ள மெஷினில் ஸ்பார்க் இல்லையென்றால் பெரும்பாலும் பாயிண்ட் முகத்தில் துரு அல்லது எண்ணெய்ப் படலம்தான் காரணம். மெல்லிய எமரித் தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு சுத்தமான காகிதத்தைக் கடித்துக்கொள்ள வைத்து இழுத்தெடுப்பது. முழுசாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ. குளிரில் ஓடி, சூடானதும் நின்று, ஆறினால் மறுபடி ஓடினால் கண்டென்சர் போயிருக்கலாம். பழுதான இக்னிஷன் காயிலும் (மின்சுருள்) இதே போல் செய்யும், ஆனால் கண்டென்சர் மலிவு, அதை முதலில் மாற்றுங்கள். ஃப்ளைவீல் காந்தத்துக்கும் காயிலுக்கும் இடைவெளி 0.3 மி.மீ. வைக்கலாம். பிளக் இடைவெளி 0.5 மி.மீ.

எண்ணெய்க் கலவையில் பழைய கையேட்டை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. 16-க்கு 1, 20-க்கு 1 என்று எழுதியது அன்றைய எண்ணெய்க்கு. இன்றைய எஃப்.டி. தர (டப்பாவில் JASO FD என்று இருக்கும்) இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் வைத்து 1970-களுக்கு முந்தைய மெஷினுக்கு 32-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலில் 156 மி.லி.; பிந்தையதற்கு 40-க்கு 1, 5 லிட்டரில் 125 மி.லி. எண்ணெய் விகிதத்தை மாற்றினால் கார்புரேட்டரையும் திருத்தியாக வேண்டும். எண்ணெய் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது, கலவை வறண்டுபோகிறது. ‘பாதுகாப்புக்கு’ என்று எண்ணெயைக் கூடுதலாக ஊற்றி எஞ்சினைக் கெடுப்பது இப்படித்தான். ஈயப் பெட்ரோல் தென்னாப்பிரிக்காவில் 2006 தொடக்கத்தோடு போய்விட்டதே என்ற கவலை வேண்டாம். ஈயம் வால்வு இருக்கைகளுக்குத்தான் பயன்பட்டது, இந்த எஞ்சின்களில் வால்வே கிடையாது.

கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கான எல், அதிக வேகத்துக்கான எச் ஸ்க்ரூ இரண்டையும் மெல்ல மூடி, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள். எஞ்சின் சூடான பிறகு முழு த்ராட்டிலில், சுமை இல்லாமல், சத்தம் சற்றே கரகரத்து திக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் திக்கல் மறைந்து சீராக வேண்டும். சுமையில்லாமலே கணீரென்று கூவினால் பெட்ரோல் போதவில்லை, எச் ஸ்க்ரூவைத் திறந்துவிடுங்கள்.

ஜொகன்னஸ்பர்க்கில் வாங்கி டர்பனுக்குக் கொண்டுவரும் செயின்சாக்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. அங்கே உயரம் சுமார் 1,750 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. எஞ்சினுக்குள் போகும் காற்றின் எடை அடர்த்தியோடு நேராகக் குறைகிறது. ஜெட் வழியாக உறிஞ்சப்படும் பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. அதனால் மலைமேல் கலவை தடித்துப்போகும், சரி செய்ய ஸ்க்ரூவை மூடியிருப்பார்கள். அதே மெஷின் வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பன் வந்தால் பெட்ரோல் விகிதம் 9 சதவீதம்போலக் குறைந்துபோகும். எஞ்சின் சுறுசுறுப்பாக ஓடுவதாகவே தோன்றும், முதல் டேங்க் தீர்வதற்குள்ளேயே பிஸ்டன் ஒட்டக்கூடும். மாற்றுத் திசையில் போனால் புகையும் திணறலும்தான், உயிருக்கு ஆபத்தில்லை.

சங்கிலி அளவு தெரியாவிட்டால் அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் முதல் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து இரண்டால் வகுங்கள். 8.25 மி.மீ. என்றால் .325 அங்குலம், 9.5 என்றால் 3/8, 10.3 என்றால் .404. மிகப் பழையவற்றில் 7/16, 1/2 அங்குலமும் வரும். அவற்றுக்குச் சங்கிலி தேடி அலைவதைவிட ஸ்ப்ராக்கெட்டையும் பாரையும் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு) .404-க்கு மாற்ற வழி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கம் மரம் உலர்ந்தால் கல் மாதிரி, வாட்டிலும் சளைத்ததல்ல. ஒவ்வொரு டேங்குக்கும் ஒருமுறை அரம் போட்டே ஆக வேண்டும்: .404-க்கும் சாதாரண 3/8-க்கும் 5.5 மி.மீ. உருண்டை அரம், .325-க்கு 4.8. மரத்தூள் மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. அந்த நிலையில் அழுத்தி அறுப்பவர் எஞ்சினையும் பாரையும் சேர்த்துத் தேய்க்கிறார்.

பிரேக் இல்லாத மெஷினில் பார் நுனியின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் பார் உதைத்து முகத்துக்கு வர நொடியில் ஒரு சிறு பங்கு போதும். அதைத் தரையில் கிடத்திய கட்டையை அறுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் மரம், ஏணி, தோளுக்கு மேல் கிளை இவற்றுக்கு பிரேக் உள்ள இன்னொன்றை எடுங்கள்.

வேலை முடிந்து மாதக்கணக்கில் வைப்பதென்றால் டேங்கை வடித்து, தானாக நிற்கும்வரை ஓட்டி, பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு நாலு தடவை மெல்ல இழுங்கள். கடைசி இழுப்பில் கம்ப்ரஷன் தட்டும் இடத்தில் நிறுத்திவிட்டால் பிஸ்டன் மேலேறி போர்ட்டுகளை மூடிக்கொள்ளும். கடற்கரை ஈரம் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் ஏறுவது அதனால் குறையும்.