கடல் ஓயாது, சரி; கரன்ட்?

இந்த மாதம் மட்டும் இவர் மூன்றாவது ஆள். குடியாத்தத்திலிருந்து வந்திருந்தார், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். துணிப்பையிலிருந்து மூன்றாய் மடித்த வழவழப்பான நோட்டீஸ் ஒன்றை எடுத்து மேசைமேல் நீவி வைத்தார். தென்னை மர உயரத்துக்கு ஓர் அலை. அதன் கீழே, “கடல் அலையில் மின்சாரம், 24 மணி நேரமும் உற்பத்தி, மாதாமாதம் வருமானம்.”

“தம்பி, நீங்க இந்த லைன்லதானே இருக்கீங்க? ரிட்டயர்மென்ட் பணத்துல கொஞ்சம் போடலாம்னு இருக்கேன். சூரியன் சாயங்காலம் போயிடும். காத்து ஆடியோட சரி. அலை எங்க போகப் போகுது?”

காட்பாடியில் என் அலுவலகம். மின்திட்டங்களுக்கு டிபிஆர், அதாவது விரிவான திட்ட அறிக்கை, எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதை வங்கிகளுக்காகச் சரிபார்ப்பதும் என் பிழைப்பு. கடலே இல்லாத நம் ஊரில்தான் இந்த நோட்டீஸ் நன்றாக விலைபோகிறது. நம் பாலாறு கல்பாக்கம் பக்கம் போய்க் கடலில் சேரும் இடத்தில் ஒரு மீனவரிடம் காட்டிப் பாருங்கள், “மாசி, பங்குனியில வந்து பாருங்க சார்” என்பார்.

அலை ஓயாது என்பது உண்மைதான். ஓயாமல் இருப்பது வேறு, ஒரே அளவில் இருப்பது வேறு. இதை எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டேன்! அலையின் சக்தி அதன் உயரத்தைப் பொறுத்ததல்ல, உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆழமான கடலுக்குத் தோராயக் கணக்கு இது: உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமாக்குங்கள், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான வினாடிகளால் பெருக்குங்கள், பாதியாக்குங்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு இத்தனை கிலோவாட் என்று வரும். 8 வினாடி இடைவெளியில் 2 மீட்டர் அலை என்றால் 16 கிலோவாட். 1 மீட்டர் என்றால் 4. அரை மீட்டர் என்றால் 1.

வாத்தியார் என் பேனாவை வாங்கி நோட்டீஸின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை. “உயரம் கால் பங்கு ஆனா, சக்தி மாகாணியா?” ஆமாம் ஐயா, பதினாறில் ஒன்று; பழைய வாய்ப்பாடுதான், கால் கால் மாகாணி. வாடைக்காற்றில் எழும்பும் கடலைப் படம் பிடித்து, பங்குனிக் கடலை விற்கிறார்கள்.

நோட்டீஸில் இன்னொரு வரியும் இருந்தது: 10 மீட்டர் அகல மிதவை, 1 மெகாவாட். ஒரு மீட்டர் அலையில் அந்த அகலத்துக்கு வந்து சேர்வதே 40 கிலோவாட். அதில் பாதியைப் பிடித்துக் காட்டினால் எழுந்து நின்று கைதட்டுவேன். ‘நிலவின் ஈர்ப்பால் இலவச அலை’ என்று வேறு போட்டிருந்தார்கள். நிலவு தருவது ஏற்ற இறக்கம், அது ஓதம். அலையைத் தருவது காற்று. இதுகூடத் தெரியாதவர்களிடம் டர்பைனைப் பற்றி என்ன பேசுவது?

இந்தத் துறை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நம் சென்னை ஐஐடிக்காரர்கள் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991லேயே 150 கிலோவாட் நிலையம் கட்டி ஓட்டிக் காட்டினார்கள். அங்கேயே சராசரி ஏப்ரல் முதல் நவம்பர் வரை 75 கிலோவாட், டிசம்பர் முதல் மார்ச் வரை 25தான். இன்று அது ஓடவில்லை. 2022இல் அதே ஐஐடி தூத்துக்குடியிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் ‘சிந்துஜா 1’ கருவியை இறக்கியது. அது தந்தது 100 வாட். ஒரு சீலிங் ஃபேன் ஓடும், மிச்சத்தில் ஒரு எல்இடி பல்பு எரியும். அவர்கள் அதை மறைக்கவில்லை. மிதவை விளக்கு, கடல் அளவீட்டுக் கருவி போன்றவற்றுக்குக் கரையிலிருந்து கேபிள் இழுக்க முடியாது. அங்கே இந்த 100 வாட் பெரிய விஷயம்.

போர்ச்சுகல்லில் 2008இல் 750 கிலோவாட் இயந்திரங்கள் மூன்றைக் கடலில் இறக்கினார்கள். சில மாதங்களில் துறைமுகத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள். காரணம் கேட்டால் பட்டியல் நீளும். சுருக்கமாக, சம்பாத்தியம் அன்றாட அலையில், தாங்க வேண்டியதோ புயல் அலையை. எஃகும் சங்கிலியும் அந்தப் புயலுக்காகத்தான் வாங்கியாக வேண்டும். அப்புறம் உப்பு அரிக்கும், கொட்டலசு என்ற ஓட்டுடைய கடலுயிரி அப்பும். மொட்டைமாடி சோலார் பேனலைத் துடைப்பது போலவா? படகு வேண்டும், முக்குளிப்பவர் வேண்டும், கடலும் இடம் கொடுக்க வேண்டும்.

ஆகவே, யாராவது அலை மின்திட்டம் என்று வந்தால் முதலில் அந்த இடத்தின் அலை அளவைக் கேளுங்கள். மாதவாரியாக, குறைந்தது ஓராண்டுக்கு, அலைமானி மிதவை போட்டு எடுத்தது. ஆண்டுச் சராசரி என்று ஒற்றை எண்ணை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி எங்கே என்று கேளுங்கள். கடலுக்குள் 12 கடல் மைல் வரை அந்த விதி உண்டு. அந்த இடத்தில் வலை போடும் ஊர்க்காரர்களிடம் பேசினார்களா? மிதவைக்கு நங்கூரம் போட்ட இடத்தில் அவர்கள் பாடு என்ன ஆகும்? மின்சாரத்தை வாங்குவது யார், யூனிட் என்ன விலை? இதெல்லாம் இல்லாமல் மாத வருமானம் மட்டும் நிச்சயம் என்றால் அது மின்திட்டமே இல்லை. ஆரணியோ ஆம்பூரோ, உடனே பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள், தயவுசெய்து.

வாத்தியார் அந்த நோட்டீஸ்காரர்களின் ஆபீசுக்குப் போன் போட்டு மாதவாரி அலை உயரம் கேட்டாராம். “மெயில்ல வரும் சார்” என்றார்களாம். மூன்று வாரம் ஆகிறது. முன்பணமாகக் கட்டிய 25 ஆயிரத்தைக் கேட்டதற்கும் அதே பதில்தான்.