வளர்ச்சி ஊக்கி அன்று, வளர்ச்சிக் காரணி

"வளர்ச்சி ஊக்கி செலுத்தியதால் எலிகளுக்கு நீரிழிவு வரவில்லை" என்று மருத்துவச் செய்திகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? பயிருக்குத் தெளிக்கும் ஊக்கியைப் போல ஏதோ ஒன்றைப் போட்டு எலியைக் கொழுக்க வைத்தார்கள் என்றுதான்.

ஆங்கிலத்தில் இது ‘குரோத் ஃபேக்டர்’. ‘ஃபேக்டர்’ என்ற லத்தீன் சொல்லுக்குச் ‘செய்பவர்’ என்று பொருள். சுண்டெலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் பதித்தபோது நரம்பிழைகள் தழைத்தன. கட்டியிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று அதைச் செய்தது. இன்னதென்று தெரியாத அந்த ஒன்றுக்கு இட்ட பெயர் இது. அதைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மோன்டால்சினி, ஸ்டான்லி கோஹன் இருவரும் 1986இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதற்குக் ‘காரணி’ அப்படியே பொருந்தும், ‘ஊக்கி’ பொருந்தாது. ஊக்குவதென்றால் நடப்பதை விரைவுபடுத்துவது. வினையூக்கி செய்வது அதைத்தான். வளர்ச்சிக் காரணியோ செல்லின் மேலுள்ள ஏற்பியை, அதாவது சேதி வாங்கும் புரதத்தை, பற்றிக்கொண்டு, அந்தச் செல்லைப் பெருகச் செய்யும், வேறு வகையாக முதிரச் செய்யும், சாகாமலும் காக்கும். நீரிழிவு தானாகவே வரும் ஆய்வக வகையான என்ஓடி சுண்டெலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 4, 5 வார வயதிலேயே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் உள்ள அதன் கணையத் திட்டுகளை, நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் சூழத் தொடங்கும். 30 வாரத்துக்குள் பெண் சுண்டெலிகளில் பெரும்பாலானவற்றுக்கு நீரிழிவு வந்துவிடும். அதற்குமுன் ஜி-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் செலுத்தினால், கிளைச்செல்கள் (டென்ட்ரிடிக் செல்கள்) என்ற நோயெதிர்ப்புச் செல்களில் சிலவும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் திரண்டு, தாக்கும் டி செல்களை அடக்கி வைக்கின்றன. அடக்குவதில் போய் முடியும் வேலைக்கு ஊக்கி என்று பெயரா? காலமும் முக்கியம்: பீட்டா செல்கள் அழிந்தபின் தாக்குதலை மட்டும் அடக்கினால் இன்சுலின் திரும்பாது.

சிலர் ‘வளர்காரணி’ என்று சுருக்குகிறார்கள். வளர்பிறை என்றால் தானே வளரும் பிறை. வளர்காரணியும் தானே வளரும் காரணி ஆகிவிடும். ஆடுவதற்கான களம் ‘ஆடுகளம்’ ஆவது போலப் பொருள் கொள்ளலாமே என்பார்கள். கொள்ளலாம்தான், ஆனால் படித்ததும் மனத்தில் வருவது பிறைதான். ‘க்’ போட்டு ‘வளர்ச்சிக் காரணி’ என்றே எழுதுவோம்.

‘ஆட்டோஇம்யூன் டயபடிஸ்’ என்பதற்கு எழுதும் ‘தன் நோயெதிர்ப்பு நீரிழிவு’ இன்னும் மோசம்: நோயைத் தானே எதிர்க்கும் நீரிழிவு என்றாகிறது. உடல் தன்னையே எதிர்ப்பதால் வருவது, ஆகவே ‘தன்னெதிர்ப்பு நீரிழிவு’. எலி என்று பொதுவாக எழுதுவதும் பிழை. இதே நோய் தானாக வரும் பிபி எலி என்ற வகை தனியாக உண்டு. அது பெரிய எலி, என்ஓடியோ சுண்டெலி. ஒன்றில் கண்டதை மற்றதன் பெயரில் எழுதினால் ஆய்வே மாறிப்போகிறது.