இடி விழாமலே செத்துப்போகும் ரிசீவர்கள்

ஐப்பசி மழை தொடங்கியதும் என் ரிப்பேர் மேசைக்கு ஷார்ட்வேவ் ரேடியோ செட்களும் எஸ்டிஆர் டாங்கிள்களும் (கணினியில் செருகி ரேடியோ கேட்கும் சிறு கருவிகள்) வரிசையாக வந்து சேரும். "எங்க தெருவுல இடியே விழலையே" என்பார்கள். விழவேண்டிய அவசியமே இல்லை. ஒரு சாதாரண மின்னலில் பாய்வது சுமார் 30,000 ஆம்பியர். அது கொஞ்சம் தள்ளி இறங்கினாலும், மொட்டை மாடியில் கட்டிய நீளக் கம்பியில் நூற்றுக்கணக்கான வோல்ட் தூண்டப்படலாம். ரிசீவரின் வாசலில், அதாவது ஏரியல் சிக்னல் நுழையும் இடத்தில், இருக்கும் எஃப்இடி என்ற சிறு டிரான்சிஸ்டரால் அதைத் தாங்க முடியாது.

செட் முழுதாகப் போய்விட்டால்கூடத் தெரிந்துவிடும். பெரும்பாலும் காது மட்டும் மந்தமாகிவிடுகிறது. வலுவான நிலையங்கள் கேட்கும், மெலிதானவை இரைச்சலில் மறைந்துவிடும். வானலைக் கண்டிஷன் சரியில்லை என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். செட் நன்றாக இருக்கும்போதே, உச்சிப்பகலில் பக்கத்து மீடியம்வேவ் நிலையத்தின் எஸ்-மீட்டர் (சிக்னலின் வலுவைக் காட்டும் மீட்டர்) அளவைக் குறித்துவையுங்கள். பகலில் அது தரையலையாக, அதாவது நிலத்தை ஒட்டியே, வருவதால் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. இடிமழைக்குப் பிறகு அதே ஏரியலில் இரண்டு மூன்று எஸ் யூனிட் குறைந்திருந்தால், ஏரியலையும் கேபிளையும் பார்த்துவிட்டு, அப்புறம் செட்டில் சிக்னல் முதலில் நுழையும் முன்பகுதியைத் திறந்து பாருங்கள்.

வானம் கறுக்கும்போதே ஏரியலையும் பவர் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ஈபி லைன் வழியாகவும் அடி வரும். கழற்றிய கேபிளைச் செட்டின் பக்கத்திலேயே போடாமல் ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். இடிச் சத்தம் கேட்டுவிட்டால் கேபிளைத் தொடவே வேண்டாம். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே 30 வினாடி என்றாலே அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. செட் போனால் போகட்டும்.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கேஸ் டிஸ்சார்ஜ் அரெஸ்டர் வைத்து, எர்த் ராடு அடிக்கிறோம். அந்த ராடை ஈபி எர்த்தோடு சேர்க்காமல் தனியாக விடுவதுதான் பாதுகாப்பு என்று எலக்ட்ரீஷியன்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. மின்னல் இறங்கும் கணத்தில் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். அது உங்கள் செட் வழியாகத்தான் பாயும். இரண்டையும் கனமான செம்புக் கம்பியால் இணைத்தே ஆகவேண்டும்.

வானம் தெளிவாக இருக்கும்போது வேறு ஆபத்து: உங்கள் சொந்த டிரான்ஸ்மிட்டர். 50 ஓம் ஏரியல் கேபிளில் 100 வாட் அனுப்பினால் சுமார் 70 வோல்ட். பல எஸ்டிஆர்கள் தாங்கும் எல்லையே 10 மில்லிவாட்தான். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்! ஒரே மாடியில் ஒரு கம்பியில் அனுப்பிக்கொண்டு, பக்கத்துக் கம்பியில் கேட்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

ரிசீவர் வாசலில் சிக்னல் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே எதிரெதிர் திசையில் இரண்டு 1என்4148 டையோடுகளைப் போட்டால் வோல்டேஜ் சுமார் 0.7 வோல்ட்டைத் தாண்டாது. ஒரு டீ விலைகூட ஆகாது. தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் நிலையம் இருப்பதுபோல் பக்கத்தில் பெரிய டிரான்ஸ்மிட்டர் இருந்தால், இதே டையோடுகள் சிக்னல்களை ஒன்றோடொன்று கலந்து, டயலில் அது இல்லாத இடங்களிலெல்லாம் அந்த நிலையத்தைக் கேட்கவைக்கும். அப்போது ஒவ்வொரு திசைக்கும் இரண்டிரண்டு டையோடுகளைத் தொடராகப் போடுங்கள், முன்னால் மீடியம்வேவைத் தடுக்கும் ஃபில்டரையும் வையுங்கள்.

அனுப்பவும் கேட்கவும் ஒரே பெட்டியான டிரான்ஸீவரின் ஏரியல் சாக்கெட்டில் மட்டும் இந்த டையோடுகளைப் போட்டுவிடாதீர்கள், அனுப்பும் பவரில் எரிந்துவிடும். தனி ரிசீவர் வைத்திருப்பவர்கள் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூலம் அதன் வாசலை எர்த் செய்துவிட்டு, அதன் பிறகே டிரான்ஸ்மிட்டர் பவர் ஏறும்படி வரிசையை அமைக்க வேண்டும்.