நேரக் கையொப்பமா, தாளக் குறியா?

'நேரக் கையொப்பம்' என்று இன்னொரு தடவை யாராவது எழுதினால் சண்டைக்கே போய்விடுவேன். பழைய கேம் பாய், நிண்டெண்டோ, அமிகா ஒலியில் இசை செய்யும் சிப்டியூன் மென்பொருள்களில் 7/8, 5/4 போன்ற தாள அளவுகளை எப்படி அமைப்பது என்று சொல்லித்தரும் காணொளிகளின் தமிழ் வசனவரிகளில் 'டைம் சிக்னேச்சர்' வரும் இடமெல்லாம் இதுதான் நிற்கிறது. டைம் என்றால் நேரம், சிக்னேச்சர் என்றால் கையொப்பம், இரண்டையும் ஒட்டினால் வேலை முடிந்தது. யார் கையொப்பம் போட்டார், எந்த ஆவணத்தில் போட்டார் என்று மொழிபெயர்த்தவருக்கு ஒரு கணமாவது தோன்றியிருக்க வேண்டாமா?

சொல்லின் வரலாறு சின்னதுதான். ஆங்கிலத்தில் இசை பேசும்போது 'டைம்' என்பது கடிகாரம் காட்டும் நேரம் இல்லை, அடிகள் அடுக்கப்பட்டிருக்கும் முறை. 'சிக்னேச்சர்' என்பது லத்தீனில் குறி என்று பொருள்படும் 'சிக்னும்' என்பதன் வழியே வந்தது. சுரக்கோடுகளின் தொடக்கத்தில் இடும் குறி, அவ்வளவே. இடைக்கால ஐரோப்பாவில் முழு வட்டம் போட்டால் மும்மூன்றாகப் பிரியும், பாதி வட்டம் போட்டால் இரண்டிரண்டாக. இன்றும் 4/4-க்குப் பதிலாக இடும் 'சி' போன்ற குறி அந்தப் பாதி வட்டம்தான். 'காமன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று பலர் நினைப்பது சரியில்லை. பிறகு எண்கள் வந்தன: மேல் எண் ஒரு சுற்றில் எத்தனை அலகு என்று சொல்லும், கீழ் எண் அந்த அலகு எந்த அளவுச் சுரம் என்று சொல்லும். ஜெர்மானியர் இதை 'டாக்ட்டார்ட்' என்கிறார்கள். தாள வகை என்று பொருள். அவர்களுக்குக் கையொப்பம் தேவைப்படவில்லை.

தமிழில் 'தாளக் குறி' என்றால் தீர்ந்தது. ஆனால் இதைச் சொன்னதும் மூன்று பக்கமிருந்து மறுப்பு வரும்.

முதல் கூட்டம் 'நேர' என்பதை விடமாட்டேன் என்கிறது. கணினிக்காரர்கள் ஏற்கெனவே 'நேர முத்திரை' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள், கோப்பு எப்போது உருவானது என்பதைக் காட்ட. 'மின் கையொப்பம்' என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் 'நேரக் கையொப்பம்' என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், புதிதாகக் கற்க வரும் பையன் அதைக் கோப்புப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று நினைத்து அந்தப் பக்கத்தையே தாண்டிப் போய்விடுவான். இதே ஆட்கள்தான் பாட்டு எந்தச் சுரத்தானங்களில் அமைகிறது என்று காட்டும் 'கீ சிக்னேச்சர்' என்பதைச் 'சாவிக் கையொப்பம்' ஆக்குகிறார்கள். பூட்டுக் கடையில் ரசீது வாங்குகிற மாதிரி இருக்கிறது.

இரண்டாவது கூட்டம் கொஞ்சம் யோசிக்கிறவர்கள். 'காலக் குறி' என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கச்சேரி கேட்கிற யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். நம் இசையில் காலம் என்பது வேகம். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடுவது அதே தாளத்துக்குள்தான். தாளம் மாறவில்லை, சுரங்கள்தான் இரட்டிக்கின்றன. காலப்பிரமாணம் என்றாலும் வேகத்தைத்தான் சொல்கிறோம். ஆக 'காலக் குறி' என்று போட்டால் படிப்பவர் மனதில் 7/8 வராது, டெம்போதான் வரும். இது சின்னப் பிசகு இல்லை. டிராக்கர் மென்பொருள்களில், அதாவது சுரங்களை மேலிருந்து கீழாக வரிவரியாக அடுக்கி இசை எழுதும் மென்பொருள்களில், தாளமும் டெம்போவும் தனித்தனி விஷயங்கள், ஒன்றைத் தொட்டால் மற்றது நகராது.

மூன்றாவது கூட்டத்துக்கு 'தாளம்' வடசொல் என்ற கவலை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் பாணி, தூக்கு என்றெல்லாம் வருகிறதே, அவற்றை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுக்கலாம்தான். ஆனால் இன்று பாணி என்றால் ஸ்டைல், 'பாணிக் குறி' என்றால் ஏதோ அலங்காரம் என்று ஆகும். 'தூக்குக் குறி' என்று மெனுவில் எழுதினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பறையடிப்பவர் முதல் மிருதங்க வித்துவான் வரை வாயில் இருக்கும் சொல் தாளம். அதைத் துரத்திவிட்டு எந்தத் தூய்மையைக் காப்பாற்றப் போகிறோம்?

ஒரு நியாயமான கேள்வியும் உண்டு. நம் தாளம் வெறும் எண்ணிக்கை இல்லை. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு என்றாலே 3, 4 என்ற பிரிவும் கூடவே வந்துவிடும். 7/8 என்ற குறியோ 2+2+3 என்பதையும் 3+2+2 என்பதையும் ஒன்றாகவே காட்டும். அதனால்தான் 'தாளம்' என்று மட்டும் வைக்காமல் 'தாளக் குறி' என்கிறேன். குறி தாளத்தின் கணக்கைக் காட்டும், உள்ளே எங்கே தட்டு விழுகிறது என்பதை இசை காட்டும்.

இன்னொரு கொடுமை, இந்த எண்களைப் பின்னமாக வாசிப்பது. 7/8-ஐ 'எட்டில் ஏழு' என்றும் 3/4-ஐ 'முக்கால்' என்றும் எழுதுகிறார்கள். பின்னம் என்றால் 3/4-ம் 6/8-ம் ஒன்றாகிவிடுமே! டிராக்கரில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வழக்கமாக ஒரு வரி என்பது கால் சுரத்தில் கால் பங்கு, நம் பழைய கணக்கில் வீசம் (பதினாறில் ஒன்று). 3/4-க்கும் 6/8-க்கும் ஒரு சுற்றுக்கு 12 வரிதான். ஆனால் 3/4-இல் அடி 0, 4, 8 வரிகளில் விழும். 6/8-இல் 0, 6 வரிகளில். நிண்டெண்டோ ஒலிக்கான டிராக்கரான ஃபாமிட்ராக்கரில் எத்தனை வரிக்கு ஒருமுறை நிறம் மாறவேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை 4-இலிருந்து 6 ஆக்கினால் திரை முழுவதும் வேறு தாளமாகத் தெரியும். (கால், அரைக்கால், வீசம் என்று பின்னத்துக்குக் கைவசம் சொல் வைத்திருக்கும் மொழியில் 'குவார்ட்டர் நோட்' என்பதைக் 'காலாண்டுக் குறிப்பு' என்று பெயர்ப்பவர்களை என்ன செய்வது?)

சொல்லப்போனால் பல டிராக்கர்களில் தாளக் குறி போடும் இடமே கிடையாது. மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்காதது இதுதான். 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகாவுக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரிலிருந்து வந்த வழக்கம், ஒரு பேட்டர்ன் (பாட்டை அடுக்கும் ஒரு துண்டு) என்றால் 64 வரி. 7/8 வேண்டுமானால் ஒரு சுற்றுக்கு 14 வரி, நான்கு சுற்றுக்கு 56. வரிகளை 0-விலிருந்து எண்ணுவதால் 55-ஆம் வரியில், அது முடிந்ததும் அடுத்த பேட்டர்னுக்குத் தாவச் சொல்லும் டி00 கட்டளையைப் போட்டு மீதியை வெட்டிவிட வேண்டும். 5/4 என்றால் சுற்றுக்கு 20, மூன்று சுற்றுக்கு 60, வெட்டு 59-இல். எந்த இடத்திலும் 7/8 என்று எழுதவில்லை பாருங்கள். மூலத்தில் இல்லாத பெட்டிக்குத் தமிழில் பெயர் வைப்பதைவிட 'பேட்டர்னின் வரி எண்ணிக்கையை 56 ஆக்குங்கள்' என்று எழுதினால் படிப்பவர் பிழைத்துக்கொள்வார்.

அடுத்தது வேகம். 'ஸ்பீட்', 'டெம்போ' இரண்டையும் 'வேகம்' என்று பெயர்த்துவிட்டு, 'வேகத்தை 6 ஆகவும் வேகத்தை 150 ஆகவும் வையுங்கள்' என்று எழுதிய மகானுபாவர்களும் உண்டு. ஃபாமிட்ராக்கரின் வழக்கமான அமைப்பு இது: விநாடிக்கு 60 டிக் (மென்பொருள் நேரத்தை எண்ணும் சின்ன அலகு), ஸ்பீட் 6 என்றால் ஒரு வரிக்கு 6 டிக், ஆக விநாடிக்கு 10 வரி. நாலு வரிக்கு ஒரு அடி என்றால் நிமிடத்துக்கு 150 அடி, டெம்போ எண்ணும் 150. ஆனால் மூன்று வரிக்கு ஒரு அடி வைத்து எழுதினால், எண் அதே 150 ஆக இருக்க, காதில் விழுவது 200 அடி. ஸ்பீட் கூடினால் பாட்டு மெதுவாகும் என்ற வேடிக்கை வேறு. அதைப் போய் 'வேகம்' என்றால் எப்படி? 'வரிக்கு டிக்' என்று எழுதலாம், டெம்போவை டெம்போ என்றே விட்டுவிடலாம். எல்லாவற்றையும் பெயர்த்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எனக்கு ரொம்ப வலித்தது 'குரூவ்'. ஜோஹன் கோட்லின்ஸ்கி கேம் பாய்க்காக எழுதிய எல்எஸ்டிஜே என்ற டிராக்கரில் குரூவ் என்பது ஒவ்வொரு வரிக்கும் எத்தனை டிக் என்று சொல்லும் பட்டியல். இதைப் 'பள்ளம்' என்று பெயர்த்திருந்தார்கள். பள்ளமாம்! பொருத்தமான சொல் கண்ணெதிரே இருக்கிறது, நடை: ஒரு அடி உள்ளுக்குள் எத்தனையாகப் பிரிகிறது என்பது. வழக்கமாக 6 டிக் வீதம் நாலு வரி, அதாவது ஒரு அடிக்கு 24 டிக். குரூவில் 8 என்று போட்டால் அதே 24 டிக்கில் மூன்று வரி விழும், அது திஸ்ர நடை. 5, 5, 5, 5, 4 என்று போட்டால் ஐந்து வரி, கண்ட நடை. 4, 3, 4, 3, 4, 3, 3 என்று போட்டால் ஏழு வரி, மிஸ்ர நடை. கடைசி இரண்டிலும் வரிகள் துல்லியமாகச் சமமில்லை, ஒரு டிக் முன்னே பின்னே இருக்கும். அந்த ஓட்டத்தில் காது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 8, 4 என்று மாற்றி மாற்றி வைத்தால் ஸ்விங், ஒரு வரி நீண்டு அடுத்தது குறுகும் ஓட்டம். இவ்வளவையும் 'நடை' என்ற ஒரு சொல் தாங்கும்போது பள்ளம் தோண்டுவானேன்?

எல்எஸ்டிஜேயில் தாளம் மாற்றுவது எச் கட்டளையால். அதில் பேட்டர்ன் மாதிரியான துண்டுக்கு ஃபிரேஸ் என்று பெயர். ஒரு ஃபிரேஸுக்கு 16 வரி, பதினாறடிமான எண்ணில் 0 முதல் எஃப் வரை. சி (அதாவது 12) என்ற வரியில் எச்00 போட்டால் அந்த வரிக்கு முன்பே, 0 முதல் பி வரையிலான 12 வரியோடு நின்று அடுத்த ஃபிரேஸுக்குப் போகும், 3/4 ஆச்சு. இ என்ற வரியில் போட்டால் 14, அது 7/8. ஃபாமிட்ராக்கரின் டி00 எல்லாச் சானல்களையும் (ஒரே சமயத்தில் ஒலிக்கும் தனித்தனிக் குரல்களை) ஒரேயடியாக வெட்டும், இந்த எச் தன் சானலை மட்டும்தான் வெட்டும். அதனால் ஒரு பல்ஸ் சானல் 14 வரியில் சுற்ற, நாய்ஸ் சானல் 16 வரியில் சுற்ற விடலாம். 112 வரி கழித்து இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் விழும்: பல்ஸ் எட்டுச் சுற்று, நாய்ஸ் ஏழு. கோர்வை போட்டுச் சமத்தில் வந்து விழும் மிருதங்கக்காரருக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

இதற்கும் ஒரு வசனவரி பார்த்தேன், 'சானல்களின் நேரக் கையொப்பங்கள் முரண்படும்போது' என்று. 'சானல்கள் வெவ்வேறு தாளத்தில் ஓடும்போது' என்று எழுத என்ன தடை? குறிகூட வேண்டியதில்லை அங்கே. ஓபன்எம்பிடி மாதிரி, அடிக்கு எத்தனை வரி, சுற்றுக்கு எத்தனை வரி என்று கேட்கும் பெட்டி நிஜமாகவே இருக்கும் மென்பொருளில் மட்டும் தலைப்பாகத் 'தாளக் குறி' போடுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் 'டைம் சிக்னேச்சர்' என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், கோபப்படமாட்டேன்.