டீஹேஸ்: மூட்டக் குறைப்பு

நிலக்காட்சிப் படத்தில் தொலைவு மலைகளின் மேல் படிந்திருக்கும் வெளிறலைக் கணினியிலோ கைப்பேசியிலோ தணிக்கும் வேலைக்கு டீஹேஸ் என்று பெயர். 2015 ஜூனில் அடோபியின் படத்திருத்த மென்பொருள்களான லைட்ரூமிலும் கேமரா ராவிலும் இந்தப் பெயரில் ஒரு ஸ்லைடர் வந்தது. இன்று கல்யாண ஆல்பம் போடுகிறவர்கூட ‘கொஞ்சம் டீஹேஸ் ஏத்து’ என்கிறார். எதை ஏற்றுகிறோம், எதை இறக்குகிறோம் என்பதுதான் குழப்பம்.

‘ஹேஸ்’ என்பதன் வேர் ஆங்கில அகராதிக்காரர்களுக்கே சரியாகப் பிடிபடவில்லை. ‘ஹேஸி’ என்ற பெயரடை 17ஆம் நூற்றாண்டில் கப்பலோட்டிகளின் பேச்சில் தென்படுகிறது. பெயர்ச்சொல் அதிலிருந்து பிறகு பிரிந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. முன்னால் நிற்கும் ‘டீ’ லத்தீன் வழி வந்த முன்னொட்டு, அகற்றுதல் என்று பொருள். வானிலைக் கணக்கில் ஹேஸுக்கு வரையறை உண்டு. பார்வைத் தொலைவு 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால் அது மூடுபனி. அதற்கு மேல் தெரிந்தும் நுண்ணிய நீர்த்துளிகளால் மங்கினால் மிஸ்ட், நம் பேச்சில் மென்பனி. உலர்ந்த தூசும் புகைத் துகளும் மங்கச் செய்தால்தான் ஹேஸ்.

அதனால் ‘பனிமூட்டம்’ என்ற மொழிபெயர்ப்பு பாதிதான் பொருந்தும். தளி, ஓசூர் பக்கம் மார்கழி விடியலில் ஏரிமேல் நிற்பது பனி. வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். மாசி, பங்குனியில் கிருஷ்ணகிரியைச் சுற்றி நடுப்பகலில் மலையை மறைப்பதில் நீர்த்துளிக்கு வேலை இல்லை. காய்ந்த செம்மண் புழுதி, சருகு எரிக்கும் புகை, கிரானைட் குவாரிப் பக்கமானால் கல்தூள். ‘மந்தாரம்’ என்றால் வானம் மப்பாக இருப்பது, அது வேறு. ‘புகைமூட்டம்’ என்றால் எங்கோ தீப்பிடித்ததாக நினைப்பார்கள்.

மிஞ்சுவது வெறும் ‘மூட்டம்’. ஆடு ஆட்டம் ஆனதுபோல, ஓடு ஓட்டம் ஆனதுபோல, மூடு மூட்டம் ஆனது. எது மூடுகிறது என்று இந்தச் சொல் சொல்வதில்லை. வேண்டுமானால் மேகம், பனி, புகை, தூசு என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்லைடருக்கும் அது தெரியாது என்பதால் பொருத்தம் கச்சிதம். அப்படியானால் டீஹேஸ், மூட்ட நீக்கமா, மூட்டக் குறைப்பா? குறைப்பு என்பதே சரி. இது மொழி நயத்துக்காகச் சொல்வதல்ல, கணக்கே அப்படித்தான் சொல்கிறது.

மூட்டத்தின் வழியே பார்க்கும்போது இரண்டு நடக்கின்றன. மலையிலிருந்து வரும் ஒளி வழியில் சிதறிக் குறைகிறது. நடுவில் உள்ள காற்றே வெயிலைச் சிதறடித்துத் தன் வெளிச்சத்தை அதன்மேல் பூசுகிறது. 1924இல் கோஷ்மீடர் என்ற ஜெர்மன் வானிலை அறிஞர் தந்த கணக்குப்படி, பார்வைத் தொலைவு 10 கிலோமீட்டராக இருக்கும் நாளில் 2 கிலோமீட்டரில் உள்ள கரடு (சிறு குன்று) தன் கான்ட்ராஸ்டில், அதாவது பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் வெளிச்ச வேறுபாட்டில், சுமார் 46 விழுக்காட்டை வைத்திருக்கும். 5 கிலோமீட்டரில் அது 14 விழுக்காடு. 10 கிலோமீட்டரில் வெறும் 2. முதல் கரட்டை மீட்க இரண்டே கால் மடங்கு இழுத்தால் போதும். ஐந்தாம் கிலோமீட்டர் மலைக்கு 7 மடங்கு, கடைசி மலைத்தொடருக்கு 50 மடங்கு. இழுக்கும்போது நாய்ஸும், அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளும், அதே மடங்கு பெருகும். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு மொத்தம் 256 வெளிச்சப் படிகள். அதில் அந்தக் கடைசி மலைக்குக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். இழுத்தால் பட்டை பட்டையாகப் பிளக்கும், 8க்கு 8 பிக்சல் கட்டங்கள் வெளியே தெரியும். கேமரா சுருக்காமல் தரும் ரா ஃபைல் ஓரளவு தாங்கும், அதற்கும் எல்லை உண்டு.

மென்பொருள் தூரத்தை எப்படி அறிகிறது? 2009இல் கைமிங் ஹே என்ற கணினி ஆய்வாளரும் இரு கூட்டாளிகளும் ஒரு வழி காட்டினார்கள். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானத்தை விட்டுவிட்டால், எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றிலாவது மிக இருண்ட புள்ளி ஒன்று இருக்கும். இல்லையென்றால் அங்கே மூட்டம் கலந்திருக்கிறது. எவ்வளவு வெளிறலோ அவ்வளவு தொலைவு. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளின் மூட்டம் நீக்கும் மாட்யூல் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. இயல்பிலேயே வெள்ளையான பொருள் வந்தால் இந்த முறை ஏமாந்துபோகும்: சுண்ணாம்பு அடித்த கோயில் சுவர், வெள்ளாடு, அறுத்து அடுக்கிய வெளிர் கிரானைட் பலகை. அவற்றை மூட்டம் என்று எண்ணி இருட்டாக்கிவிடும். அந்த மூவரும் தங்கள் முறையில் மூட்டத்தை முழுதாக எடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கணித்த மூட்ட அளவை 0.95 என்ற எண்ணால் பெருக்கி, கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். முழுக்க எடுத்தால் தொலைவு உணர்வு போய்விடும் என்பதே காரணம்.

இனி லைட்ரூமில் வேலைக்கு வருவோம். பாலக்கோடு பக்கம் ஒரு படம்: முன்னால் தக்காளித் தோட்டம், அடுத்து தென்னை வரிசை, 2 கிலோமீட்டரில் ஒரு கரடு, அதற்குப் பின் மூன்று அடுக்கு மலை. முதலில் லென்ஸின் குறைகளைத் திருத்தும் லென்ஸ் புரொஃபைலைப் போட்டுவிட வேண்டும். மூலைகளில் உள்ள லேசான கருமையை டீஹேஸ் பல மடங்காக்கிக் காட்டும் என்பதால் இது பிறகு செய்யும் வேலை அல்ல. சென்சார் தூசிப் புள்ளிகளும் அப்படித்தான், வானத்தில் கருப்பாகத் துருத்தும். நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைத் தோட்டத்து மண்ணையும் இலையையும் பார்த்து வையுங்கள். தூர மலையைப் பார்த்து வைத்தால் அதன் நீலத்தைச் சரிசெய்யப் போய் மண் மஞ்சளடிக்கும்.

அடுத்தது பிளாக்ஸ், படத்தின் மிக இருண்ட பகுதிகளை ஏற்றி இறக்கும் ஸ்லைடர். பாதிப் பேர் இதைத் தாண்டி நேரே டீஹேஸுக்குப் போகிறார்கள், தப்பே அங்குதான். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பிளாக்ஸை இறக்கினால் திரை வெள்ளையாகும். தென்னை மட்டையின் அடியில், செடி நிழலில் ஒன்றிரண்டு கரும்புள்ளிகள் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். தூர மலையில் ஒரு புள்ளிகூட வரக்கூடாது. பல படங்களுக்கு இதுவே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

அதன் பிறகு படம் முழுவதற்கும் டீஹேஸ் +8 முதல் +15 வரை. அளவுகோல் +100 வரை போகிறது என்பதற்காக +60 வைக்கத் தேவையில்லை. படம் இருண்டால் எக்ஸ்போஷரை 0.2 அல்லது 0.3 ஏற்றலாம். நிறம் தடித்தால் சாச்சுரேஷனை 5 முதல் 10 வரை இறக்கலாம். இறக்காவிட்டால் தர்மபுரிச் செம்மண் குங்குமமாகிவிடும். மேலும் வேண்டுமென்றால் மாஸ்க் போட்டு, அதாவது திருத்தம் படும் பகுதியை வரையறுத்து, கரட்டுக்கும் முதல் அடுக்கு மலைக்கும் மட்டும் +15 சேருங்கள். கடைசி அடுக்கைத் தொடவே வேண்டாம். முகடும் வானும் சந்திக்கும் கோட்டில் வெள்ளை விளிம்பு தெரிந்தால், மாஸ்கிலிருந்து வானத்தைக் கழித்துவிட்டு அளவைக் குறையுங்கள். டார்க்டேபிளில் இதற்கு மாஸ்க்கூடத் தேவைப்படாது: வலிமைக்கு ஒன்று, தொலைவுக்கு ஒன்று என இரண்டு ஸ்லைடர்கள் உண்டு, தொலைவைக் குறைவாக வைத்தால் பின்மலைகளின் மூட்டம் அப்படியே நிற்கும்.

மிகையாகிவிட்டதா என்று பார்க்க, படத்தைச் சிறிதாக்கி மலை அடுக்குகளை மட்டும் பாருங்கள். பின்னால் உள்ள ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளிறியிருக்க வேண்டும். பின்மலை முன்மலை அளவுக்குக் கருத்தால், டீஹேஸ் கூடிவிட்டது. மார்கழிப் பனிப் படத்தில் ஸ்லைடரைத் தொடாமலே விடலாம், அங்கே மூட்டம்தான் படமே.

எடுக்கும்போதே குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. சூரியனை நோக்கி எடுத்தால் மூட்டம் தடிமனாகத் தெரியும், முதுகில் வாங்கினால் மெலியும். காலையில் மேற்கு மலையை எடுங்கள், மாலையில் கிழக்கு மலையை. லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டர் சூரியனுக்குப் பக்கவாட்டில், ஏறத்தாழ 90 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். அடர்ந்த புழுதியில் அதனால் பெரிதாகப் பயனில்லை. மழை பெய்து ஓய்ந்த அடுத்த நாள் காலைக்கு ஈடாக எந்த ஃபில்டரும் இல்லை.

கைப்பேசிக்காரர்கள் மேலே சொன்ன அளவுகளில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், போன் ஏற்கெனவே தன் பங்குக்குக் கான்ட்ராஸ்டை ஏற்றித்தான் படத்தைத் தருகிறது. ஸ்னாப்சீட் என்ற படத்திருத்த செயலியில், நுண்விவரத்தைத் தூக்கிக் காட்டும் ஸ்ட்ரக்சரை +10க்குள் வைத்து, செய்த திருத்தங்களின் பட்டியலைத் திறந்து, அதிலுள்ள பிரஷ்ஷால் கரட்டின்மேல் மட்டும் தீட்டினால் போதும்.