குரூப்பில் போட்டால் பாடம் முடிந்துவிடுமா?

காலாண்டுத் தேர்வு முடிந்து தேர்ச்சி அட்டை கொடுத்த நாளில் ஒரு பையனை மட்டும் நிறுத்தி வைத்தேன். பதினொன்றாம் வகுப்பு. நான் வகுப்பாசிரியர், வேதியியல் என் பாடம். கவனமாக இருக்கிற பிள்ளை, கையெழுத்தும் அச்சு மாதிரி இருக்கும். ஆனால் இயற்பியலில் அளவீட்டுப் பிழைக் கணக்குகள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அதே கணக்குகளைத் தீர்த்துக் காட்டி வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார் அந்தப் பாட ஆசிரியர்.

"ஏன்டா பார்க்கலை?" என்றேன்.

"போன் அப்பாகிட்ட இருக்கும் மிஸ். லோடு ஏத்தி இறக்கிட்டு ஒன்பதரைக்குத்தான் வருவாரு. நான் தொறக்கறப்போ முந்நூறு மெசேஜ் நிக்கும். அதுல எது பாடம்னு தேடறதுக்குள்ள சார்ஜ் போயிடும்."

ஆசிரியர் அறைக்குப் போய் அந்த இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டேன். நல்ல மனிதர், சோம்பேறி இல்லை. "குரூப்ல போட்டுட்டேனே மேடம்" என்றார். இந்த ஆண்டில் மட்டும் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளுக்குக் கருத்தாளராகப் போகிற இடங்களிலும் இதே பதில்தான். வீட்டுப்பாடம் புரிந்ததா? குரூப்ல போட்டாச்சு. வினாத்தாளை விளக்கினீர்களா? குரூப்ல போட்டாச்சு. மழை விடுமுறையில் விட்டுப்போன பாடம்? அதுவும் போட்டாச்சு.

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது ஒரே வாரத்தில் நான்கு குரூப் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஆறு பி.டி.எஃப்., மூன்று யூடியூப் இணைப்பு, கல்வி தொலைக்காட்சி அட்டவணை, நடுவில் கொரோனா எச்சரிக்கை வேறு. ராத்திரி படுக்கும்போது நிறைய உழைத்துவிட்ட திருப்தி இருக்கும். பள்ளி திறந்தபின் உட்கார வைத்துக் கேட்டால், அந்த பி.டி.எஃப்.களைத் திறந்து பார்த்தவர்கள் ஐந்தாறு பேர். அவர்களும் நான் அனுப்பாவிட்டாலும் படித்திருக்கக் கூடியவர்கள்.

நீல டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது அதுதான். குரூப்பில் எல்லோரும் பார்த்தால்தான் இரண்டு டிக்கும் நீலமாகும். அப்படி நீலமானதைக் காட்டி "எல்லாரும் படிச்சிட்டாங்க மேடம், பாருங்க" என்கிறார்கள். யார் பார்த்தது? அந்தப் போன் அப்பாவுடையது. டீக்கடையில் நின்றுகொண்டு குரூப்பைத் திறந்து, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளி, ஏதாவது ஃபீஸ் சமாச்சாரமா என்று பார்த்துவிட்டு மூடினார். டிக் நீலம். பாப்பாவுக்குக் கார்ட்டூன் போட்டுக் காட்ட எடுத்த அக்கா தெரியாமல் குரூப்பைத் தொட்டுவிட்டாள். டிக் நீலம். பையனே திறந்தான் என்று வையுங்கள். கடைசிச் செய்தியைப் பார்த்தான், மேலே இருந்த முந்நூறும் படித்ததாகக் கணக்கு. திரையில் ஒரு பக்கம் வந்து போயிற்று என்பதைத் தவிர நீல டிக் எதையும் சொல்வதில்லை. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் பாடம் புரிந்துவிட்டது என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? நேரில் நம்பாததைப் போனில் மட்டும் எப்படி நம்புகிறோம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குரூப்பில் பேசாத பிள்ளை படிக்காத பிள்ளை என்று முடிவு கட்டுவது. இணையக் குழுக்களில் நூற்றில் தொண்ணூறு பேர் வெறுமனே பார்ப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சம் ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். என் குரூப்பும் ஏறக்குறைய அப்படித்தான். ஓயாமல் எழுதுகிற ஒன்றிரண்டு பேரைப் பார்த்து வகுப்பே கலகலவென்று கற்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பேசாதவர்களை அதட்டவும் செய்கிறோம். பார்த்துக்கொண்டிருப்பதும் கற்பதில் ஒரு கட்டம்தான். கற்றல் பற்றி ஆராய்ந்த ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் இருவரும் 1991-ல் எழுதிய புத்தகத்தில் லைபீரியாவின் தையற்காரர்களைப் பற்றி வருகிறது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதலில் பட்டன் தைப்பதும் ஓரம் அடிப்பதும்தான் வேலை. வெட்டுவது கடைசியில். நம்மூர்த் தையல் கடையில் காஜா எடுக்கிற பையனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அவன் வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பான், மாஸ்டர் கத்தரி பிடிக்கிற கையிலேயே கண் இருக்கும். ஆனால் அந்தக் கடையில் மாஸ்டர் உண்மையிலேயே வெட்டிக்கொண்டிருக்கிறார். நம் குரூப்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? குட் மார்னிங் ரோஜாவும் பி.டி.எஃப்.பும்.

அப்படியானால் குரூப்பே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. போன வருஷம் என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

மோல் பாடம் (டஜன் என்றால் பன்னிரண்டு மாதிரி, ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள்) நடத்தி முடித்த அன்று சாயங்காலம் ஒரு கேள்வி போட்டேன்: 18 கிராம் நீரில் எத்தனை அணுக்கள்? மூன்றாவது நிமிஷம் ஒருத்தன் 6.022 × 10²³ என்று எழுதினான். அடுத்த கால் மணி நேரத்தில் பதினான்கு பேர் அதையே எழுதினார்கள். தப்பு. 18 கிராம் என்பது ஒரு மோல், அந்த எண் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் மூன்று அணுக்கள் இருப்பதால் மூன்றால் பெருக்க வேண்டும். பதினான்கு பேரும் யோசித்துத் தப்புச் செய்யவில்லை, முதல் ஆளைப் பார்த்து எழுதினார்கள். சரியாகப் போட்டு வைத்திருந்த ஒரு பெண் மறுநாள் சொன்னாள்: "எல்லாரும் அதே போட்டாங்களா, நான்தான் தப்புன்னு அழிச்சிட்டேன் மிஸ்."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ என்கிற கல்வி ஆய்வாளர் 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு விநாடிதான். அதையே மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். வகுப்பில் மூன்று விநாடி காப்பதற்கே நமக்குப் பொறுமை இல்லை. குரூப்பிலோ ஒரு ராத்திரி முழுக்கக் காக்க முடியும், எந்தச் சிரமமும் இல்லாமல். அதை நாம் பயன்படுத்துவதே இல்லை.

அதற்குப்பின் முறையை மாற்றினேன். பதிலை குரூப்பில் யாரும் எழுதக் கூடாது, கூகுள் ஃபார்ம் என்கிற இணையப் படிவத்தில்தான் போட வேண்டும். வாட்ஸ்அப்பிலேயே இருக்கிற வாக்கெடுப்பு வசதியைச் சிலர் சொல்வார்கள். அதில் வழக்கமாக யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், பழைய கதைதான் திரும்ப நடக்கும். இரவு பத்தரை வரை ஃபார்ம் திறந்திருக்கும். லோடு ஏற்றிவிட்டு வருகிற அப்பாவின் போனும் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். காலையில் எந்தெந்த விடை எத்தனை பேர் என்று மட்டும், பெயர் இல்லாமல், குரூப்பில் போடுவேன். "இருபத்தொரு பேர் மூன்றால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். ஏன் பெருக்க வேண்டும் என்று யாராவது ஒரு நிமிஷத்துக்குள் பேசி அனுப்புங்கள்."

முதல் வாரம் யாரும் அனுப்பவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. மூன்றாவது வாரம், வகுப்பில் கேட்டால் மட்டும் பேசுகிற ஒரு பெண் நாற்பது விநாடி குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். அவள் வீட்டில் பூ வியாபாரம். "நூறு மல்லி மொட்டு, நூறு ரோஜா. ரெண்டும் நூறுதான், தராசுல வச்சா ஒண்ணா நிக்குமா? மோலும் அப்படித்தான். எண்ணிக்கை ஒண்ணு, எடை வேற. அப்புறம் ஒரு ரோஜாவுல எத்தனை இதழ்னு கேட்டா திரும்பவும் பெருக்கணும்ல, அதான் அணு." பின்னணியில் யாரோ விலை கேட்கிற சத்தம். இருபது வருஷமாக டஜன் கணக்கு சொல்லியே மோல் நடத்துகிறேன். இந்த இதழ் எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வருஷம் அவள் அனுமதியோடு அதே பதிவைத்தான் புது வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன்.

சரி, இனி கொஞ்சம் கசப்பான விஷயம்.

மாணவியர் எண்கள் அடங்கிய வகுப்பு குரூப்பில் இருந்து எண்ணை எடுத்து யாரோ தொந்தரவு செய்கிறார்கள் என்று அம்மாக்கள் வந்து நிற்பது எனக்கு இது முதல் முறை அல்ல. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்துவிட்டால் உங்கள் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஐம்பது பிள்ளைகள் என்றால் ஐம்பது வீடு, ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் போனைத் தொடுகிறவர்கள் நான்கு பேர். பெண்பிள்ளையின் எண்ணும் டி.பி. படமும் இருநூறு கண்களுக்கு முன்னால் கிடக்கின்றன. இதை யோசிக்காமல் அழைப்பு இணைப்பை வேறு குரூப்களில் போடுகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

அறிவிப்பு மட்டும்தான் வேண்டுமென்றால் வாட்ஸ்அப் சேனல் வையுங்கள். அதில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. அல்லது கம்யூனிட்டியின் (பல குரூப்களை ஒன்றாகச் சேர்க்கிற வாட்ஸ்அப் வசதி) அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்துங்கள், அங்கே புதுச் செய்தியை அட்மின்கள் மட்டுமே போட முடியும். பேச வேண்டிய குரூப் வேறு, சிறியது, பன்னிரண்டு பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். எட்டாம் வகுப்புக்குக் கீழே பிள்ளைகளைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பின் சொந்த விதியே வழக்கமான கணக்குக்கு 13 வயது ஆக வேண்டும் என்கிறது. அந்த வகுப்புகளுக்குப் பெற்றோர் குரூப் போதும்.

மதிப்பெண் பட்டியலை குரூப்பில் ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டு "ஊக்கப்படுத்தத்தான்" என்று சொல்லாதீர்கள். கடைசியில் இருக்கிற பிள்ளையின் பெயரை அவன் சித்தப்பா வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில் என்ன ஊக்கம்? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோரும் அதற்குள்தான் வருவார்கள். சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நம் பெயரை யாராவது அப்படி ஒட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும்.

தனியாக மாணவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். ஆண் ஆசிரியர், பெண் ஆசிரியர் இருவருக்கும்தான் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் குரூப்பிலேயே கேட்கச் சொல்லுங்கள், அல்லது நாளைக்கு வகுப்பில். ஒவ்வொரு குரூப்பிலும் இரண்டு ஆசிரியர்கள் அட்மினாக இருங்கள். இரவு பத்தரைக்கு மேல் எதுவும் போகக் கூடாது. கல்வி ஆண்டு முடிந்ததும் குரூப்பைக் கலையுங்கள். மூன்று வருஷத்துக்கு முன் படித்த பிள்ளைகளின் எண்கள் இன்னும் யார் யார் கையிலோ இருக்கின்றன.

தொந்தரவு நடந்துவிட்டால்? செய்திகளை அழிக்கச் சொல்லாதீர்கள், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையத்தில் பணம் போயிருந்தால் 1930. "வினாத்தாள் தருகிறோம்" என்று டெலிகிராமில் பணம் பறிக்கிற கூட்டத்திடம் ஏமாந்த பிள்ளைகள் வீட்டில் சொல்லப் பயந்து, பல நாள் கழித்து என்னிடம் வருகிறார்கள். இதைப் படிக்கிற அப்பா அம்மா யாராவது இருந்தால், தயவுசெய்து முதலில் அடிக்காமல் கேளுங்கள். பணம் போன அன்றைக்கே சொன்னால்தான் திரும்பக் கிடைக்க ஏதாவது வழி இருக்கும்.

பெற்றோரிடம் இன்னும் ஒரு சின்ன வேண்டுகோள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இருபது நிமிஷம் போனைப் பிள்ளையிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் வகுப்பு குரூப்பை நீங்கள் திறக்காதீர்கள், படிக்காததும் படித்ததாகிவிடும். குரூப்பில் ஃபார்வேர்டு அனுப்பாதீர்கள். பிறந்தநாள் வாழ்த்தும் வேண்டாம்.

அந்த லோடுமேன் அப்பாவை வரச் சொல்லிப் பேசினேன். "நான் தொறக்கவே மாட்டேன் டீச்சர், ஆனா சத்தம் வந்துக்கிட்டே இருக்கே, எதாவது அவசரமோன்னு பயமா இருக்கு" என்றார். அவர் போனை வாங்கி குரூப்பை மியூட் செய்து, மேலே பின் செய்து கொடுத்தேன். அவசரம் என்றால் நானே கூப்பிடுவேன் என்றேன். இயற்பியல் சாரும் இப்போது சனிக்கிழமைக் கணக்கை ஒன்றே ஒன்றாகக் குறைத்திருக்கிறார், ராத்திரி எட்டரைக்குத்தான் போடுகிறார். பையன் போன வாரம் பதில் அனுப்பியிருந்தான், ஒன்பது ஐம்பத்தைந்துக்கு. விடை தப்புதான். ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று இப்போது எங்களுக்குத் தெரிகிறது.