வால்மீனின் தூசித் தாரை: படத்தில் தெரிவது என்ன?

67பி சுர்யுமோவ்–கெராசிமென்கோ வால்மீனை ஐரோப்பாவின் ரோசெட்டா விண்கலம் எடுத்த படங்களில், அதன் உட்கருவிலிருந்து, அதாவது நடுவிலுள்ள பனியும் தூசியும் கலந்த திடப் பொருளிலிருந்து, வெள்ளைக் கோடுகள் பீறிட்டுக் கிளம்பும். இவற்றைத்தான் தாரைகள் என்கிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியே ஆவி சீறுகிறது என்றுதான் பார்த்ததும் தோன்றும். பெரும்பாலான தாரைகள் விஷயத்தில் அது சரியில்லை.

முதலில், அந்தக் கோடுகள் வாயு அல்ல. வால்மீன் சூரியனை நெருங்கும்போது தூசிப் போர்வைக்கு அடியில் இருக்கும் பனி சூடேறுகிறது. சுற்றிலும் வெற்றிடம் என்பதால் அது உருகி நீராகாமல் நேரே வாயுவாகிவிடும். அந்த வாயு வெளியேறும்போது தூசியையும் கிளப்பிக்கொண்டு போகிறது. 67பி சுமார் 4 கிலோமீட்டர் நீளம்தான், ஈர்ப்பும் சொற்பம். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் கிடைத்தாலே ஒரு துகள் ஏறக்குறைய தப்பித்துவிடும். இப்படிப் போகும் தூசியில் பட்டுச் சிதறும் வெயிலைத்தான் கேமரா பதிவு செய்கிறது.

அதைப் பதிவு செய்வதும் லேசான வேலை இல்லை. உட்கரு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 6 சதவீதத்தையே திருப்பி அனுப்பும் கரிய பொருள். தூசி அதைவிடவும் மங்கல். உட்கரு அழகாகத் தெரியும்படி எடுத்தால் தாரை காணாமல் போகும். தாரை தெரிய வேண்டுமென்றால் உட்கரு வெளிறிப்போகும் அளவுக்கு ஒளியை அதிகம் வாங்க வேண்டும், அல்லது படத்தின் மங்கலான பகுதியைப் பிற்பாடு தூக்கிக் காட்ட வேண்டும். பத்திரிகைகளில் வந்த பளிச்சென்ற தாரைகளில் பலவும் அப்படித் தூக்கிக் காட்டப்பட்டவை. வெளிச்சம் வரும் கோணமும் முக்கியம். ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசி, வெளிச்சத்தை எதிர்நோக்கிப் பார்க்கும்போது நன்றாகத் தெரியுமே, அதே கதைதான். சூரியன் உட்கருவுக்குப் பின்னால் இருக்கும்போது நுண்துகள்கள் ஒளியைக் கேமரா பக்கம் அதிகம் சிதறடிக்கின்றன.

சரி, தாரை ஏன் ஒல்லியாக இருக்கிறது? குழிகளின் சுவர்களிலிருந்தும் செங்குத்துப் பாறைகளிலிருந்தும் கிளம்பும் வாயு, நிலத்தின் வளைவால் ஒன்றுசேர்ந்து குவிகிறது. தவிர, விசிறிபோல் பரவும் தூசித் திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் அதுவும் ஒற்றைக் கோடாகத் தெரியும். அதனால் ஒரு படத்தை மட்டும் நம்ப முடியாது. ரோசெட்டா 2014-இல் போய்ச் சேர்ந்தபோது 67பி சுமார் 12.4 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழன்றது. வெவ்வேறு கோணங்களில் எடுத்த படங்களில் அதே தாரையைப் பின்னோக்கி நீட்டி, கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்த்துத்தான் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தத் தினசரித் தாரைகள் வெயில் ஏற ஏற வலுக்கும். திடீர் வெடிப்புகள் வேறு ரகம். 2015 ஜூலை 29 அன்று, 186 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ரோசெட்டாவின் ஒசிரிஸ் கேமரா தலா 18 நிமிட இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்தது. முதலாவதில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் பிரகாசமான தாரை, மூன்றாவதில் அதன் மிச்சம் மட்டும். தூசியின் வேகம் விநாடிக்குக் குறைந்தது 10 மீட்டர் என்று அந்தப் படங்களிலிருந்தே கணக்கிட்டார்கள்.

இந்தத் தூசி விண்கலத்துக்கும் தொல்லை கொடுத்தது. ரோசெட்டா விண்மீன்களைப் பார்த்துத்தான் திசை அறியும். 2015 மார்ச்சில் உட்கருவுக்கு மிக அருகே பறந்தபோது, ஒளிரும் துகள்களை விண்மீன்கள் என்று அதன் கருவிகள் நினைத்துவிட்டன. விண்கலம் அவசியமற்ற வேலைகளை நிறுத்திவிடும் பாதுகாப்பு நிலைக்குப் போனது, அப்புறம் பல மாதம் தள்ளி நின்றே வேலை பார்த்தது.

வெடிப்புக்குக் காரணம் நிலச்சரிவாகவும் இருக்கலாம். 2015 ஜூலை 10 அன்று தெரிந்த ஒரு வெடிப்பு, அஸ்வான் என்று பெயரிட்ட செங்குத்துப் பாறை இருக்கும் பகுதியிலிருந்து வந்தது. அந்தப் பாறையில் சுமார் 70 மீட்டர் நீளமான விரிசல் ஒன்று முந்தைய ஆண்டே படத்தில் பதிவாகியிருந்தது. வெடிப்புக்குச் சில நாள் கழித்து எடுத்த படத்தில் விளிம்பு உடைந்து விழுந்திருந்தது. உள்ளேயிருந்த சுத்தமான பனி, சுற்றுப்புறத்தைவிட ஆறு மடங்குக்குக் குறையாத பிரகாசத்தோடு வெளியே தெரிந்தது.